நாலு வெட்டு நேரம்

மஞ்சூர்,
கார்த்திகை 26, வெள்ளிக்கிழமை.

என் கண்ணு ஜீவிதாவுக்கு, அம்மா மருதாம்பாள் ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் சுகமில்லாமல் இருந்தது, அதைப் போன வாரம் பிடுங்கியாயிற்று, ஆகையால் இப்போது முழுச் சுகம். மஸ்கட் வெயிலுக்கும் ஆஸ்பத்திரி ஏசிக்கும் நடுவே அலைகிற உன் உடம்பும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாரியம்மனிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் சரியென்றுதான் சொல்லியிருக்கிறாள். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. மழை இந்த வருஷம் நின்று நின்று பெய்கிறது. மேலே ரேஷன் கடைக்குள் கரடி புகுந்து பாமாயில் பாக்கெட் அத்தனையையும் குடித்துவிட்டுப் போய்விட்டது, அரிசியைத் தொடவில்லை. அதற்கும் அந்த அரிசியைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று உங்கப்பா சொல்கிறார். ஃபேக்டரியில் அவருக்கு பாய்லர் வேலையிலிருந்து மாற்றித் தருவதாக மூன்றாவது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவரும் மூன்றாவது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். ஊட்டி பஸ் இப்போது காலையில் ஒன்று குறைந்துவிட்டது. நீ வாங்கி அனுப்பிய கம்பளி நன்றாக இருக்கிறது, உங்கப்பா அதைப் போர்த்திக்கொள்ளாமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார், நல்ல குளிர் வரட்டுமாம். வெளியே புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, இதற்கு மேல் என்ன குளிர் வர வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். பக்கத்து வீட்டு சுசீலாவின் மகள் கலைமதி, கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறவள், உங்கள் ஆஸ்பத்திரிக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்றாய். அதில் அவள் ஊரும் உன் ஊரும் ஒன்று, எஸ்டேட்டும் ஒன்று, லைன் வீட்டு நம்பரில் மட்டும் ஒன்று வித்தியாசம் என்பதைப் பார்த்துவிட்டு உங்கள் பெரிய சிஸ்டர் உன்னைக் கூப்பிட்டு, இந்தப் பெண் எப்படி என்று கேட்டதாகவும், யோசித்துச் சொல்கிறேன் என்று நீ வந்துவிட்டதாகவும் சொன்னாய். ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். அப்புறம் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நல்லவள்னு சொன்னா நாளைக்கு ஏதாச்சும்னா என்ற தலையில வந்துருமுங்க, கெட்டவள்னு சொன்னா பாவம், ஒண்ணும் சொல்லாம விட்டுட்டா அது பொய்யாகாதுல்லங்கம்மா என்றாய். பிறகு சின்னக் குரலில், அவ வந்தா மறுபடியும் எனக்கு மேல போயிருவாங்கம்மா என்றும் சொன்னாய். நான் என்ன சொல்லட்டுங்க என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது, மூன்று கோடு நின்றது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகாது என்று நீ சொன்னாயே, அதே வார்த்தையை அதற்கு முன்னால் ஒரு மாதமாக நான் எனக்குள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும். பதிலைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டுச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும், இங்கே தும்மினால் சுசீலா வீட்டில் நூறு வயசு என்பார்கள். எழுதி போட்டோ எடுத்து அனுப்பலாமென்றால் போன் உங்கப்பாவுடையது, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படிக்கிறவர். அதோடு வாயால் சொன்னால் நடுவிலே எங்காவது என்னை நான் நல்லவளாக்கிக்கொண்டுவிடுவேன். எழுதினால் அடித்து எழுதியது தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். பன்னிரண்டு நாளில் வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள்.

சுசீலாவும் நானும் பத்தொன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுக்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் இரண்டாம் ரேங்க் என்று முடியைப் பிடிக்காத குறையாகப் போட்டி போட்டபோது, உங்களுக்கு எங்கிருந்து இந்தக் குணம் வந்தது என்று உங்கப்பா ஆச்சரியப்படுவார். தினமும் எடை போடும் இடத்தில் நின்று பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். கையால் கிள்ளிய காலத்தில் கண்ணால் பார்த்துப் போட்டி போட்டோம். எல்லோருக்கும் கத்தரி கொடுத்த பிறகு காதால் போட்டி. மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் இருப்பது ஆளா மரமா என்று தெரியாது, கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும். சுசீலாவின் கத்தரி இரண்டு வெட்டுக்கு ஒருமுறை ஒரு மூச்சு விடும். அந்த மூச்சு நேரத்தில் நான் ஒரு வெட்டு கூடுதலாக வெட்டிவிடுவேன். அவள் அதைக் கண்டுபிடித்து மூச்சை மூன்று வெட்டுக்கு ஒருமுறையாக்கினாள். நான் நாலாக்கினேன். சாயங்காலம் அவள் எழுபத்தொன்று, நான் அறுபத்தெட்டு, மறுநாள் நான் எழுபது, அவள் அறுபத்தொன்பதரை. தோற்றவள் ஜெயித்தவளுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும், அந்த டீ குடிக்கிற மட்டும் ஜெயித்தவள் எப்படி ஜெயித்தேன் என்று சொல்லிக் காட்டுவாள், தோற்றவள் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷம் அவளேதான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, சீக்கிரம் எந்திரிடி, அந்த ரெண்டு நிரை தள்ளி இருக்கறவளோட போட்டி போட்டா எனக்குத் தூக்கம் வருது என்றாள். அவள் முந்தினால் எனக்குக் கோபம் வரும், கோபம் கைக்குப் போகும், கை வேகமாகும். அவ்வளவுதான் அந்தக் கோபத்துக்கு வேலை. அவள் குறைந்துபோக வேண்டும் என்று அந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது திரும்பிப் பார்த்துச் சொல்கிறேன், அப்போது இதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம்.

இந்த ஆடியிலிருந்து அது கெட்டுப்போனது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். கொழுந்தினால் கெடவில்லை. அந்த மாதத்திலிருந்து கலைமதி தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்கிறாள். டூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு மணிக்கு அந்த வீட்டில் போன் அடிக்கும். அரை மணி நேரம் தாயும் மகளும் சிரிப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன், ஒன்றும் இல்லை, என்ன குழம்பு, எந்தப் பஸ்ஸில் வந்தாய், அவ்வளவுதான். நீ ஞாயிற்றுக்கிழமை செய்கிறாய், பதினொரு நிமிஷம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, உன் டூட்டி அப்படி, காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஏழு மணி ஆனால் நான் குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுவேன், விசில் சத்தத்தில் அது கேட்காது. ஒரு நாள் உங்கப்பா, பருப்பு ஏன் தினமும் கஞ்சியாகிறது என்று கேட்டார். அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தால் உலக்கையை எடுத்து அடிவயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி, சின்ன வயசில் அந்தப் பழமொழிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். நம் வீட்டில் உலக்கை இல்லை, குக்கர் இருந்தது. அதற்குப் பிறகு தேயிலைக் காட்டில் எனக்கு என் எடை முக்கியமில்லாமல் போய்விட்டது. எடை போடுகிற சூப்பர்வைசர் காத்தமுத்துவிடம் போனால் சுசீலாவுக்கு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன். மழைத்தண்ணி என்று அவள் எடையில் இரண்டு கிலோ கழித்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. என் எடையிலும் இரண்டு கிலோ கழித்திருப்பார்கள், அது கண்ணில் படவே இல்லை. டீ வாங்கித் தரும் நாளில் எனக்குப் பித்தம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இந்த வயசுக்கு மேல் இப்படி ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் வாயை அடைத்திருப்பேன்.

ஐப்பசியில் அது நடந்தது. காட்டெருமை வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பது உனக்கு மறந்திருக்கலாம். கத்தினால் அது மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, அதனால் கத்தக் கூடாது. முதலில் பார்க்கிறவள் கத்தரியோடு இருக்கிற, கொழுந்து விழுகிற தகரத் தட்டில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கேட்டவள் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளும் இரண்டு தட்ட வேண்டும். அப்படியே கடைசி நிரை வரை போகும், எல்லோரும் சத்தம் போடாமல் மேல் ரோட்டுக்கு ஏறிவிடுவோம். மாடு அதன் பாட்டுக்குப் போகும். அன்றைக்குப் பதினோராம் நம்பர் காடு. மதிய எடைக்கு இன்னும் அரை மணி இருந்தது. சுசீலா என்னைவிட எட்டுச் செடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், நல்ல மூடுபனி, அவள் கத்தரி நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று பனி கொஞ்சம் விலகியது. அவள் நிரைக்குக் கீழே, தண்ணீர் போகிற கானுக்கு அந்தப் பக்கம், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பெரிய கடா மாடு நின்றுகொண்டிருந்தது. மேயவில்லை, அசையவில்லை, யாருக்கு எவ்வளவு கொழுந்து என்று பார்க்க வந்த அதிகாரி போல நின்றது. அவள் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தட்டுவதற்குக் கத்தரியைத் தூக்கினேன். தூக்கிய கையை அப்படியே இறக்கிச் செடியில் வைத்து வெட்டினேன். அவளுக்குக் கண் இல்லையா, அவளே பார்க்கட்டும் என்று தோன்றியது. நான் ஒன்றும் செய்யவில்லையே, மாட்டை நானா கூட்டி வந்தேன் என்றும் தோன்றியது. நாலு வெட்டு வெட்டினேன். எண்ணிப் பார்த்தேன் என்று இல்லை, பழக்கத்தில் எண்ணிக்கை தானாக ஓடும். நாலு வெட்டுக்கு ஒரு கைப்பிடிக் கொழுந்துகூடத் தேறாது கண்ணு. ஐந்தாவது வெட்டுக்கு முன்னால் மாடு மூச்சு விட்டது. சுசீலா திரும்பிப் பார்த்தாள், ஓடினாள், நனைந்த கானில் கால் வழுக்கி விழுந்தாள். மாடு எதிர்ப்பக்கம் ஓடிப் போய்விட்டது. அதற்கப்புறம்தான் நான் தட்டினேன், இரண்டுக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு தட்டியிருப்பேன், காடே அதிர்ந்தது. அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காத்தமுத்து ரோட்டில் நின்றிருந்தார், அவர் காதில் விழுந்த முதல் தட்டு என்னுடையது. மருதாம்பாள் முதலில் எச்சரித்தார் என்று நோட்டில் எழுதிவிட்டார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது மேனேஜர் என் பெயரைச் சொல்லி, இவர் சமயத்தில் தட்டியதால்தான் கையோடு போயிற்று, இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரம் எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள், பச்சைக் கலர், மூடியில் பூப் போட்டது. அந்த போட்டோவைத்தான் உங்கப்பா உனக்கு அனுப்பினார், நீயும் சூப்பர்மா என்று அனுப்பினாய். இன்னொன்றும் இருக்கிறது. யாருக்காவது காட்டில் அடிபட்டால் அவளுடைய அன்றைய எடை குறையக் கூடாதென்று ஆளுக்கொரு கைப்பிடி அவள் பையில் போடுவோம். எல்லோரும் ஒரு கைப்பிடி போட்டார்கள், நான் என் பையில் பாதியை அவள் பையில் கொட்டினேன். போட்டிக்காரிக்கு இப்படி யார் செய்வார்கள் என்று நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜீவிதா, திட்டு வாங்கினால் மனுஷிக்குத் தூக்கம் வந்துவிடும். பாராட்டு வாங்கிப் பார், அப்போது தெரியும்.

ஒரு மாதம் அவளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தேன், தலை வாரினேன், கட்டுப் போட்ட கையைக் காட்ட ஊட்டிக்குக் கூட்டிப் போனேன், பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தேன். நான் அவ்வளவு செய்யச் செய்ய அவள் என்மேல் உருகினாள். கலைமதி போன் செய்தால் மருதா பெரியம்மாதான் எனக்கு எல்லாம் என்று சொல்வது சுவர் வழியாகக் கேட்கும். ஏழு மணிக்குக் குக்கர் வைப்பதையும் விட்டுவிட்டேன், எதிலும் பிரயோஜனம் இல்லை. காட்டில் பக்கத்து நிரை காலி, சத்தம் இல்லை. என் எடை ஐம்பதுக்கு வந்துவிட்டது. அவளை முந்தினால் போதும் என்று நினைத்தேனே, இப்போது முந்துவதற்கு ஆள் இல்லை, ஐம்பதைத் தாண்டக் கை வரவில்லை. அடிபட்டதைப் பார்த்ததால் மனசு சரியில்லை என்று காத்தமுத்து ஆறுதல் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் உன் ஞாயிற்றுக்கிழமைப் போன் வந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் பொய்யாகாது என்று நீ கேட்டாய். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் நான் சுசீலா வீட்டுக்குப் போய், அவளுக்குச் சோறு போட்டு, அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாட்டை முதலில் பார்த்தது, கத்தரியைத் தூக்கியது, இறக்கியது, நாலு வெட்டு. ஏன் என்று கேட்டாள். உன் மகள் தினமும் போன் செய்கிறாள், அது எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு அது எவ்வளவு கேவலமாகக் கேட்டது என்று எழுத வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றும் நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. கடைசியில், கை ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது, கூடிக்கும், என்ற பைக்குள்ள உன்ற கொழுந்த எதுக்குடி கொட்டுன என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அன்னிக்கு நான் உன்ன நல்லா முந்தியிருந்தேன், எவ்வளவுன்னு இனி எனக்கே தெரியாதுல்ல, எல்லாத்தையும் கலந்து விட்டுட்டயே என்றாள். அப்புறம்தான் அழுதாள். என் கையை ஒடிச்சு என் எடையையும் எடுத்துக்கிட்ட, அத வேற தர்மம் மாதிரி பண்ணுன, போயிரு மருதா என்றாள். வந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் சோற்றுப் பாத்திரம் வாசற்படியில் இருந்தது, கழுவித் துடைத்து, வெறுமையாக. நம் லைனில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு வந்த முதல் வெறும் பாத்திரம் அது. காத்தமுத்துவிடமும் போய் நோட்டில் எழுதியது தப்பு, நான் பிந்தித்தான் தட்டினேன், ஹாட்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா, நோட்டு ஆபீசுக்குப் போயிருச்சுங்க, ஹாட்பாக்ஸத் திருப்பி வாங்கறதுக்கு நம்மகிட்ட ஃபாரம் கிடையாதுங்க, வீட்டுல போயிப் படுங்க என்றார். ஆகவே எஸ்டேட் கணக்கில் நான் இன்னும் வீராங்கனைதான். உங்கப்பா அந்த ஹாட்பாக்ஸில் சப்பாத்தி வைத்துச் சாப்பிடுகிறார், சூடு நிற்கிறது என்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

இன்றைக்குப் பதினோராவது நாள். சுசீலா பேசவில்லை. செவ்வாய்க்கிழமை கட்டுப் பிரிக்கத் தனியாகவே பஸ் ஏறிப் போனாள், ஜன்னலோரம் கிடைத்ததோ என்னவோ. ஏழு மணிக்குப் போன் வந்தால் இப்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள், இந்தப் பக்கம் ஒன்றும் கேட்பதில்லை. கலைமதியிடம் சொன்னாளா என்று தெரியாது. தை பிறந்தால் வேலைக்கு வருவாள் என்கிறார்கள், பக்கத்து நிரைக்கு வருவாளா, வேறு நிரை கேட்பாளா, அதுவும் தெரியாது. மன்னிப்பு வாங்கிவிட்டு உனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதே, எனக்கு அது கிடைக்கவில்லை, கிடைக்காமலும் போகலாம். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் எங்கள் லைனில் குடியிருந்தவர்கள் இல்லை. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, கண்ட பலன் அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். கலைமதி எப்படி என்பது இந்த உலகத்தில் உன்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. பிளஸ் டூவில் உன்னைவிட இரண்டு மார்க் அதிகம். அவள் ஊசி போட்டால் குழந்தை அழுவதில்லை என்று ட்ரெயினிங் காலத்தில் நீயேதான் வந்து சொன்னாய், சொல்லிவிட்டுத் தலைகாணியைக் குத்தினாய், குத்திவிட்டுப் போய் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் போட்டுப் பழகினாய், ஒரு டஜன் ஆரஞ்சு வீணாகப் போனது. அவள் உன் வகுப்பில் இல்லாதிருந்தால் நீ அறுபது மார்க்கில் திருப்திப்பட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பாய், மஸ்கட்டும் இல்லை கம்பளியும் இல்லை. அவள் வந்தால் உனக்கு மேலே போகலாம். போனால் வலிக்கும், வலிக்கட்டும், நீயும் ஆரஞ்சு வாங்கு. அவள் மேலே போய்விடுவாளே என்று பயப்படுவதில் தப்பே இல்லை, எனக்குப் பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் அந்தப் பயம் இருந்தது, அதில்தான் நீ படித்தாய். அவள் வராமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறதே, அங்கேதான் உன் கத்தரியும் இறங்குகிறது. பெரிய சிஸ்டரிடம் அவளைத் தூக்கிப் பேச வேண்டாம், சிபாரிசும் வேண்டாம், உனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல். எனக்காகச் சொல்லாதே. சுசீலா என்னிடம் பேசுவாள் என்பதற்காகவும் சொல்லாதே, அதற்குத்தான் என்றால் இன்னொரு தடவை அவள் பையில் நான் கொழுந்து கொட்டியது போல ஆகும். உன்னிடம் கேட்டார்கள் என்பது சுசீலாவுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கலைமதிக்கும் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போகும், ஏன் கிடைக்கவில்லை என்று இந்த மலையில் ஒருத்தருக்கும் ஒரு காலமும் தெரியப்போவதில்லை. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, யாருக்கும் தெரியாமல், எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர்த் தண்ணியில் முடி கொட்டுகிறது என்றாயே, வாரம் ஒருதரம் எண்ணெய் வைத்துக் குளி. மாரியம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், நீயும் உன் கையும் நீடூழி இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் பேசு, இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்காதே, சுவர் இருக்கிறது. ஐந்தாம் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
மு. மருதாம்பாள்